பெட்ரோல் காரில் டீசல் ஆயில்: 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு

“லாரிக்கு வாங்கின 15டபிள்யூ-40 கேன்ல மூணு லிட்டர் மிச்சம் இருக்குண்ணே, பெட்ரோல் காருக்கு ஊத்திடலாமா?” ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் லாரியும் காரும் ஒரே வீட்டில் நிற்பதால் இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. 15டபிள்யூ-40 என்பது டீசல் லாரிகளுக்கு ஊற்றும் கெட்டியான இன்ஜின் ஆயில் ரகம். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) பெட்ரோல் வண்டி, 1.2 லிட்டர் இன்ஜின், தொடர்ந்து மூன்று முறை டீசல் ஆயில். பதில் அதை வைத்துத்தான்.

இன்ஜினுக்கு இந்த ஆயில் பிடித்திருந்தது. டாப்பெட் (வால்வுப் பக்கத்து) சத்தம் அடங்கியது. டிடர்ஜென்ட் (அழுக்கைக் கரைக்கும் கலவை) அதிகம் என்பதால் உள்ளே இருந்த பிசுக்கைக் கரைத்து, வடிக்கும்போது கன்னங்கரேலென்று இறங்கியது. ஆயில் குடிப்பதும் கொஞ்சம் குறைந்தது. விலையும் மலிவு. மைலேஜ் மட்டும் சற்று இறங்கும். கெட்டி ஆயிலுக்கு அது இயல்பு.

அடி விழுவது சைலன்சர் பக்கம். தேய்மானத்தைத் தடுக்க ஏறக்குறைய எல்லா இன்ஜின் ஆயிலிலும் இசட்டிடிபி என்ற துத்தநாக, பாஸ்பரஸ் கலவை இருக்கும். லாரி ஆயிலில் அது கூடுதல். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரியும் ஆயிலோடு இந்தப் பாஸ்பரஸ் வெளியேறி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டு முகப்பில் கண்ணாடிப் பூச்சு மாதிரி படிகிறது. அடியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் புகை அவற்றைத் தொட முடியாது. படிந்ததை எந்த கிளீனரும் எடுக்காது.

1000 கிலோமீட்டருக்கு 100 மில்லி குடிக்கும் இன்ஜின் 10,000 கிலோமீட்டரில் ஒரு லிட்டரை எரிக்கிறது. பாஸ்பரஸ் 0.12 விழுக்காடு இருந்தால் ஏறக்குறைய 1 கிராம் கன்வெர்ட்டரை நோக்கிப் போகிறது, 0.08 விழுக்காடு இருந்தால் 0.7 கிராம். புது இன்ஜினில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ரிங் தேய்ந்த வண்டியில்தான் வினை, லாரி ஆயில் ஊற்றச் சொல்வதும் அதே வண்டிகளுக்குத்தான்.

எரிச்சல் மூட்டுவது கேனின் பின்பக்கம். “சிஐ-4 பிளஸ், எஸ்எல்லும் போட்டிருக்கு பாருங்க, பெட்ரோலுக்கும் ஆகும்” என்று கடையில் விரல் வைத்துக் காட்டுவார்கள். சிஐ-4 பிளஸ் டீசல் இன்ஜினுக்கான ஆயில் தரம்; எஸ்எல், எஸ்எம், எஸ்என் பெட்ரோல் இன்ஜினுக்கானவை. எஸ்எல் என்பது 2001இன் தரம். பாஸ்பரஸுக்கு 0.08 விழுக்காடு உச்சவரம்பு வந்தது 2004இல், எஸ்எம்மோடு. அந்த வரம்பும் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான். 15டபிள்யூ-40 கேனில் எஸ்என் என்றே அச்சிட்டிருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. வாங்குபவருக்கு இதைச் சொல்ல கேனில் ஒரு வரிகூட இல்லை. இது நியாயமே இல்லை.

“வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்” என்பதும் சரியில்லை. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42 டிகிரி இருக்கலாம்; தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சரியாக இருந்தால் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். இன்ஜின் வடிவமைத்தவர் 5டபிள்யூ-30 போதும் என்றால் காட்பாடியிலும் போதும்.

கன்வெர்ட்டர் போவதற்கு அறிகுறி, செக் இன்ஜின் விளக்கோடு ஸ்கேனரில் வரும் பி0420 என்ற பிழைக் குறியீடு. ஸ்கேனரில் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். சூடான வண்டி சீராக ஓடும்போது அது 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்க வேண்டும். முன்பக்க சென்சார் போலவே 0.1க்கும் 0.9க்கும் தாவினால் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டது. புதிதாக வாங்குமுன் எக்சாஸ்ட் ஜாயின்ட்டில் லீக், பிளக் மிஸ்ஃபயர் இரண்டையும் பார்த்துவிடுங்கள், அவையும் இதே குறியீட்டைக் கொண்டுவரும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? பதற வேண்டாம், ஒரு தடவையில் எதுவும் சாகாது. வண்டியைச் சூடாக்கி, 15 நிமிடம் வடியவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, மேனுவலில் சொன்ன ரகத்தை ஊற்றுங்கள். நெடுஞ்சாலையில் ஆயில் அளவு குறைந்துபோய், கையில் வேறு எதுவும் இல்லையென்றால் அரை லிட்டர் லாரி ஆயில் ஊற்றி ஊர் வந்து சேரலாம். அவ்வளவுதான். சத்தம் குறைந்தது, பிசுக்கு போனது, விலை மலிவு, எல்லாம் உண்மை. இருந்தும் கன்வெர்ட்டர் உள்ள பெட்ரோல் காருக்கு இனி ஒரு சொட்டு கிடையாது.

மிச்சமிருக்கும் மூன்று லிட்டர் மூடியை இறுக்கி வையுங்கள், லாரியின் அடுத்த டாப்-அப்புக்கு ஆகும். கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் அம்பாசிடர் தெருவில் யாரிடமாவது இருந்தால், அதற்குத் தாராளமாக ஊற்றலாம்.