மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் ரெண்டு வாங்கி லாட்ஜ்ல போட்டேன், ஒன்றரை வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

இது யாருக்குன்னு மொதல்ல சொல்லிடறேன். வீட்ல ஒரே ஒரு லைன் வெச்சிக்கினு ராத்திரி படம் பாக்குறவங்க இத வாங்காதீங்க, தண்டச் செலவு. எங்களுது வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு சந்துல லாட்ஜ், மாமாவோடது, 22 ரூமு, கம்ப்யூட்டர் நெட்டு கேமரா சமாச்சாரம் எல்லாம் என் தலைல. தங்க வர்றவங்க முக்கால்வாசி சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற கொல்கத்தா, அசாம், திரிபுரா, பங்களாதேஷ் ஆளுங்க. நெட் போன அஞ்சாவது நிமிஷம் "தாதா, நெட் நேய்"னு (அண்ணா, நெட் இல்ல) ரிசப்ஷன்ல வந்து நிப்பாங்க. பாவம், டாக்டர் இன்னா சொன்னாருன்னு ஊர்ல இருக்கிற புள்ளைங்களுக்கு சொல்லணும், ஸ்கேன் ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சி அனுப்பணும். நமக்கு வேற தலைவலி, வெளிநாட்டு ஆளு வந்து எறங்கினா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல போட்டாகணும் (ஃபார்ம் சின்னு சொல்லுவோம்), நெட் இல்லன்னு கதை சொல்லிக்கினு இருக்க முடியாது.

ரெண்டு கம்பெனி ஃபைபர் ஏற்கெனவே எடுத்து வெச்சிருந்தோம் (மாமா: "ஒரு லைனுக்கு குடுக்கவே வலிக்குது, உனக்கு ரெண்டு வேணுமாடா?"). ஆனா ஒண்ணு போனா கவுண்டர் பையன் மேசைக்கு கீழ குனிஞ்சி வயரை புடுங்கி இன்னொரு பெட்டியில சொருவணும், அதான் எங்க ஃபெயிலோவர் (ஒண்ணு செத்தா இன்னொண்ணுக்கு மாறுறது). ராத்திரி ரெண்டு மணிக்கு போனா பையன் எழுந்துக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்.

அதுக்குத்தான் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3 மாடல். கிட்டத்தட்ட 6,000 ரூபா குடுத்து வாங்கினேன். உள்ளங்கை சைஸ் பெட்டி, 5 ஜிகாபிட் போர்ட்டு, 256 எம்பி ரேமு, வைஃபை கிடையாது, அதுக்கு தனியா ஆக்சஸ் பாயிண்ட் வேணும். லாட்வியா நாட்டு கம்பெனி, 1996ல ஆரம்பிச்சது. இவ்ளோ சின்ன பெட்டியிலயும் அவங்க பெரிய ரவுட்டர்ல ஓடுற அதே ரவுட்டர்ஓஎஸ் சாஃப்ட்வேர் தான், அதான் இதுல சூட்சுமம், அதான் இதுல கஷ்டமும். பொட்டிய பிரிச்சி வயரு சொருவினா தானா ரெண்டு லைனும் பாத்துக்கும்னு நெனச்சி வாங்காதீங்க, எல்லாம் நாமதான் சொல்லிக் குடுக்கணும்.

மொத நாளே மாட்டிக்கினேன். ரெண்டு ஃபைபர் பெட்டியும் 192.168.1.1னு ஒரே அட்ரஸ் வெச்சிக்கினு உக்காந்திருக்கு. ஹெக்ஸுக்கு எது எந்தப் பக்கம்னே தெரியல, ஒரு சமயம் ஓடுது ஒரு சமயம் ஓடல. ஒரு பெட்டிய 192.168.2.1னு மாத்தினப்புறம்தான் வழிக்கு வந்துச்சு.

அடுத்தது இன்னும் மோசம், அது முழுக்க என் தப்பு. மொத லைனுக்கு டிஸ்டன்ஸ் 1, ரெண்டாவதுக்கு 2 (சின்ன நம்பருக்குத்தான் முன்னுரிமை), செக் கேட்வே பிங்னு போட்டு (கேட்வேன்னா நம்ம டேட்டா அடுத்து போற பெட்டி, அது உயிரோட இருக்கான்னு அப்பப்ப கூப்பிட்டு பாக்குறதுதான் பிங்), வயரை புடுங்கி பாத்தேன், ஜம்முனு மாறுது. மாமாவ கூப்பிட்டு வேற காட்டினேன். மறு வாரம் நெஜமாவே லைன் போச்சு, ஹெக்ஸ் அசையவே இல்ல. ஏன்னா அது பிங் பண்றது கேட்வேய, எங்க கேஸுல கேட்வேன்னா அதே மேசையில பக்கத்துல இருக்கிற ஃபைபர் பெட்டி! ரோட்டுல ஃபைபர் அறுந்து கிடக்கு, சிவப்பு லைட்டு எரியுது, ஆனா பிங் பண்ணா "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு பதில் சொல்லுது. பக்கத்து வூட்டுக்காரர கேட்டு காட்பாடி ஸ்டேஷன்ல ரயில் வந்துச்சான்னு தெரிஞ்சிக்கிற மாதிரி.

இதுக்கு வழி ரிகர்சிவ் ரூட்டு. வெளிய இன்டர்நெட்டுல இருக்கிற ஒரு அட்ரஸ், நான் கூகுளோட 8.8.8.8 போட்டேன், அத மொத லைன் வழியாத்தான் போகணும்னு கட்டிட்டு, டிஃபால்ட் ரூட்டுக்கு (மத்த எல்லா டேட்டாவும் வெளிய போற வழி) அந்த 8.8.8.8-யே கேட்வேயா காட்டணும். அப்ப பிங்கு தெருவ தாண்டி வெளிய போய்ட்டு வந்தாதான் லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். 10 செகண்டுக்கு ஒரு தடவ பாக்கும், ரெண்டு தடவ பதில் வரலன்னா லைன் செத்துதுன்னு முடிவு பண்ணி ரெண்டாவதுக்கு போவும், ஆக சுமாரா 20 செகண்டு. எனக்கு அது போதும், ரொம்ப வேகமா வெச்சா லைன் லேசா இருமினாலே மாறி மாறி தாவிக்கினு இருக்கும்.

இதுல ஒரு பொறி இருக்கு, அதுலயும் விழுந்தேன். போன்களுக்கு டிஎன்எஸ்ஸும் (சைட்டு பேர சொன்னா அதோட நம்பர் அட்ரஸ சொல்ற சர்வர்) 8.8.8.8 தான் குடுத்து வெச்சிருந்தேன். மொத லைன் செத்துது, ஹெக்ஸ் ரெண்டாவதுக்கு மாறிடுச்சு, ஆனா 8.8.8.8-க்கு போற வழி மட்டும் செத்த லைன்லயே கட்டிப் போட்டிருக்கே. நெட் இருக்கு, ஒரு சைட்டும் தொறக்கல. டிஎன்எஸ்ஸ வேற அட்ரஸா மாத்துங்க, மறக்காதீங்க.

மாறும்போது ஒண்ணுமே தெரியாதான்னா தெரியும். வெளிய நம்ம ஐபி (நெட்டுல நம்ம அட்ரஸ்) மாறிடுது இல்லையா, ஓடிக்கினு இருந்த கனெக்ஷன் அறுந்துதான் ஆகணும். வாட்ஸ்அப் கால் கொஞ்ச நேரம் முழிச்சிட்டு தானா ஒட்டிக்குது, பேங்க் சைட்டு தூக்கி வெளிய போட்டுடுது.

ஆறு மாசம் நல்லா ஓடிச்சு. அப்புறம்தான் உறைச்சிது, ரெண்டு லைன் இருக்கு, ரவுட்டரு ஒண்ணுதானே, அது செத்தா? இன்னொரு ஹெக்ஸ் வாங்கி வி.ஆர்.ஆர்.பி போட்டேன், ஒரு ரவுட்டர் செத்தா இன்னொண்ணு அதோட எடத்துல உக்கார்ற ஏற்பாடு. இது ஒண்ணும் புது வித்தை இல்ல, 1998லயே ஆர்எஃப்சி 2338ன்னு இன்டர்நெட் விதிமுறையா வந்துடுச்சு. ரெண்டு ரவுட்டருக்கும் பொதுவா ஒரு ஐபி, மேக் அட்ரஸும் (போர்ட்டோட அடையாள நம்பர்) பொது. ரூம்ல இருக்கிற போனுக்கு அந்த பொது ஐபி மட்டும்தான் தெரியும், பின்னாடி யார் வேலை செய்றாங்கன்னு தெரியாது. மாஸ்டரா இருக்கிறது செகண்டுக்கு ஒரு தடவ "நான் இருக்கேன்"னு குரல் குடுக்கும், மூணு குரல் வரலன்னா அடுத்தது கொஞ்சம் பொறுத்து நாற்காலில உக்காந்துக்கும். நான் கரண்டை புடுங்கி பாத்தப்ப 4 பிங்கு போச்சு, அவ்ளோதான். டிஹெச்சிபி (போன்களுக்கு அட்ரஸ் குடுக்குற வேலை) மட்டும் ரெண்டுலயும் பாதி பாதி அட்ரஸா பிரிச்சி குடுத்தேன். நடுவுல வயரெல்லாம் ஒண்ணா சேர்ற நெட்வொர்க் சுவிட்ச் இன்னும் ஒண்ணுதான், அத பத்தி யாரும் கேக்காதீங்க.

வி.ஆர்.ஆர்.பி-ல பிரீஎம்ஷன்னு ஒண்ணு தானா ஆன்ல இருக்கும், பெரியவரு, அதாவது முன்னுரிமை ஜாஸ்தி இருக்கிற ரவுட்டரு, திரும்பி வந்ததும் நாற்காலிய புடுங்கிக்குவாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. பெருக்குற அக்காவோட தொடப்பம் பட்டு மொத ஹெக்ஸோட அடாப்டர் பின்னு லூசாயிடுச்சு, அது செத்து செத்து பொழைக்குது, ஒவ்வொரு தடவ பொழைக்கும்போதும் மாஸ்டர் பதவிய வாங்கிக்குது, மறுபடி சாவுது. அன்னிக்கு காலைல முழுக்க நெட்டு வந்து வந்து போச்சு, ஒரேடியா செத்திருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும். பிரீஎம்ஷன ஆஃப் பண்ணிட்டேன், இப்ப யாரு உக்காந்தாலும் அவங்களா சாவுற வரைக்கும் அவங்கதான்.

இவ்ளோ பண்ணியும் ஒரு நாள் நெட்டு முழுசா போச்சு. கட்டிலு மெத்தை ஏத்திக்கினு வந்த டெம்போ சந்து முனையில கேபிள்ல மாட்டி இழுத்துட்டான். போய் பாத்தா ரெண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கம்பத்துல, ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டு பில்லு கட்றோம், வழி ஒண்ணுதான். ஹெக்ஸ் கிட்ட யூஎஸ்பி இருக்கு, இப்ப ஒரு 4ஜி டாங்கிள் சொருவி டிஸ்டன்ஸ் 3 போட்டிருக்கேன், ஃபார்ம் சி போடவும் வாட்ஸ்அப்புக்கும் அது போதும், வீடியோ எல்லாம் கட்டு.

பெட்டிக்கு 5க்கு 4 குடுக்கலாம். ஒன்றரை வருஷத்துல, அந்த லூசு பின்ன விட்டா, தானா ஒரு தடவ கூட தொங்கல, மேசைக்கு கீழ வேலூர் வெய்யில்ல வெந்துக்கினே ஓடுது. ஒரு மார்க்கு குறைச்சது வின்பாக்ஸ்னு இதுக்கு செட்டிங் போடுற சாஃப்ட்வேர் ஸ்கிரீனுக்கு, நூறு மெனு, எது எங்கன்னு தேடியே கண்ணு போயிடும். செட்டிங் தெரியாதவங்க தெரிஞ்ச ஆளுக்கு கூலி குடுத்து போட வெய்யுங்க.

இப்ப மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட போன நேரமா பாத்து, மொத ஃபைபர நானே கழட்டி பாக்குறேன். ரவுட்டர் வயரை இல்ல, பெட்டிக்கு வர்ற ஃபைபர. போன தடவ கழட்டினேன், 20 செகண்டு ஆச்சு, ஒரு நிமிஷம் ஆச்சு, அப்புறம் பாத்தா டாங்கிள்ல ஓடுது. ரெண்டாவது லைனுக்கு மாமா பணம் கட்டாம பிளான் முடிஞ்சி பதினோரு நாள் ஆவுதாம்.