டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச்: ஆட்டோ செட்டப் முடிந்த பிறகு இருக்கிறது பாஸ் வேலை

ரிச்சி தெருவில் கேபிளும் பனானா பிளக்கும் வாங்கிவந்து, கூடவே வரும் மைக்கைச் செருகி ஆட்டோ செட்டப்பை ஓட்டியதும் எழுந்துவிடுகிறவர்கள் இந்த ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியில்) பாதியைத்தான் கேட்கிறார்கள். இதிலுள்ள ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி, அதாவது மைக்கால் அறையை அளந்து ஒலியைத் திருத்தும் மென்பொருள், சப்வூஃபரை (பாஸ் எனும் அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கரை) திருத்துவதில் கெட்டி. கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) விஷயத்தில் மட்டும் அது சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம்.

அளவெடுக்கும்போது ஏசி, ஃபேன் இரண்டும் நிற்கட்டும், வியர்த்தாலும் பரவாயில்லை. மைக்கை சோபா முதுகில் வைக்காமல், டிரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். மைக்கை வைத்து அளக்கும் 8 இடங்களில் முதல் இடம் வழக்கமாக உட்காரும் இருக்கையாக இருக்கட்டும். தூரமும் லெவலும் அதை வைத்தே முடிவாகின்றன. சப்வூஃபரின் பின்பக்க லோ-பாஸ் திருகை (மேல் ஒலியை வெட்டும் வடிகட்டி) முழுக்க உச்சத்துக்குத் திருப்பி, ஃபேஸ் திருகை 0-வில் வையுங்கள். கடைசியில் சப்வூஃபர் லெவல் -12 என்று காட்டினால் அதன் வால்யூம் அதிகம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரை ரிசீவர் பெரும்பாலும் 'லார்ஜ்' என்று குறித்துவைக்கும். அப்படியே விட்டால் அந்த சேனலின் பாஸ் சப்வூஃபருக்குப் போகாது. 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். கருவி 40 என்று சொன்னதை 80 ஆக ஏற்றலாம். 110 என்று சொன்னதை 80 ஆக இறக்கக் கூடாது. அந்த ஸ்பீக்கர் 110-க்குக் கீழே சோர்ந்துபோகும், ஆடிஸியும் அங்கே திருத்தம் செய்யாது, சப்வூஃபருக்கும் அந்தப் பகுதி வராது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து பறை, தவில் எல்லாம் மெலிந்து கேட்கும். 120-ஐத் தாண்டினால் வேறு தொல்லை: ஆண் குரலின் அடிப்பாகம் சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வரத் தொடங்கும்.

'எல்எஃப்இ-க்கான எல்பிஎஃப்' கிராஸ்ஓவரிலிருந்து வேறு: படத்தில் பாஸுக்கென்றே தனியாக வரும் சேனலுக்கான (எல்எஃப்இ) மேல் எல்லை அது. அதை 120-இலேயே விடுங்கள். 'லார்ஜ்' ஸ்பீக்கரின் பாஸைச் சப்வூஃபருக்கும் சேர்த்து அனுப்பும் 'எல்எஃப்இ+மெயின்' வேண்டாம்.

8 அடியில் இருக்கும் சப்வூஃபரை ரிசீவர் 12 அடி என்று காட்டினால் பதறி டேப் எடுக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றின் தாமதமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மாற்றுவதானால் காரணம் ஒன்றே: 80 ஹெர்ட்ஸ் டோனை முன் ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் சேர்ந்து ஒலிக்கவிட்டு, தூரத்தை ஒவ்வொரு அடியாக மாற்றி, எங்கே சத்தம் உச்சமோ அங்கே நிறுத்துங்கள். போனிலுள்ள டெசிபல் ஆப் இதற்குப் போதும்.

நம் ஊர் ஃபிளாட்களில் 10×12 அடி அறை, டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒத்ததிர்வு, 10 அடி அகலத்துக்கு 56 வாக்கில். பரண்மேல் எவர்சில்வர் அண்டா கிணுகிணுப்பது இதனால்தான். ஒத்ததிர்வால் சத்தம் பெருகும் இந்த மேட்டை ஆடிஸி நன்றாகவே வெட்டும். சத்தம் தேயும் பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது. நீளவாக்கில் சரிபாதியில் சோபா இருந்தால் அந்த 47 அங்கே ஏறக்குறைய காணாமல் போகும். ஒன்றரை அடி பின்னால் தள்ளுவது எந்த அமைப்பையும்விடப் பலன் தரும். இடமில்லையா? சப்வூஃபரை இருக்கையில் தூக்கிவைத்து பாஸ் ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள்.

இரவில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் ஆடிஸியின் டைனமிக் இக்யூ என்ற அமைப்பைப் பாருங்கள். குறைந்த சத்தத்தில் அது பாஸைத் தானாகத் தூக்கும். அந்தத் தூக்கலின் அளவைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 ஆக்கினால் அடங்கும்.

பின்னால் இரண்டு சப்வூஃபர் வெளியீடு உண்டு, ஆனால் இரண்டிலும் போவது ஒரே சிக்னல். இரண்டையும் தனித்தனியாக அளந்து சரிசெய்ய வேண்டுமானால் இந்த மாடல் போதாது. ஆடிஸியின் உயர்ந்த பதிப்பான எக்ஸ்டி32 உள்ள மேல்வரிசை மாடலுக்குப் பணம் ஒதுக்குங்கள்.