மொன்றியலா, கியூபெக் நகரமா, ஒட்டாவாவா? குளிர்காலத்தில் நண்பர்களோடு காரில் போகிறவர்களுக்கு

தை மாதம் முடியும்போதே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும்: குடும்ப நாள் லீவுக்கு இந்த வருடம் எங்கே? பெப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை ஒன்ராறியோவில் விடுமுறை. ஆக மூன்று நாள், ஒரு வான், ஐந்தாறு பேர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே ஓடினால் ஒட்டாவா, மொன்றியல், கியூபெக் நகரம் மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கிற மாதிரித்தான் வரைபடத்தில் தெரியும். மூன்றுக்கும் தனித்தனியாகப் போயிருக்கிறோம், ஒருமுறை ஒரே ஓட்டத்தில் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டும் இருக்கிறோம். அப்படிப் போனதில் நாங்கள் அதிகம் பார்த்தது வானின் முன் கண்ணாடியையும் அதில் காய்ந்து வெள்ளையாகிற உப்பையும்தான். ஒன்றைத் தெரிந்தெடுங்கள். எதை என்பதுதான் கீழே.

முதலில் தூரம். ரொறன்ரோவில் இருந்து ஒட்டாவா சுமார் 450 கிலோமீற்றர், மொன்றியல் 540, கியூபெக் நகரம் 800. கோடையில் கியூபெக்குக்கு எட்டு, எட்டரை மணித்தியாலம் போதும். பனி கொட்டுகிற நாளில் பத்தும் ஆகும், பதினொன்றும் ஆகும். மொன்றியலுக்கு அப்பால் 20-ஆம் இலக்கப் பாதையில் இரண்டு பக்கமும் வெட்டவெளி வயல், காற்று பனியை அள்ளி றோட்டுக்குக் குறுக்கே வீசும்போது முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். கியூபெக் மாகாணத்தில் பதிந்த வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோ வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லைதான், ஆனால் அது இல்லாமல் அந்தப் பாதையில் ஏறவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரில் மைனஸ் 40 என்று போட்டிருப்பதை இரண்டு கலன் வாங்கிப் பின்னால் வையுங்கள்.

ஒட்டாவாவைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் குளிர்காலத்தில் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் போகிறார்கள்: உறைந்த ரிடோ கால்வாயில் ஸ்கேட் பண்ண. சறுக்குகிற பகுதி 7.8 கிலோமீற்றர் நீளம், நகரத்தின் நடுவால் ஓடும், கட்டணம் இல்லை. இடையிடையே பனிக்கட்டியின் மேலேயே கடைகள், அதில் சூடாகப் பொரித்துச் சீனியும் கறுவாத்தூளும் தூவித் தருகிற பீவர்டெயில். கால்வாய் நல்லபடி உறைந்திருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் 2023-ல் ஐம்பது வருடத்துக்கு மேலான வரலாற்றில் முதல் தடவையாக அது திறக்கவே இல்லை, அதற்கு அடுத்த குளிர்காலத்திலும் சில நாள்கள்தான் கிடைத்தன. இப்போதெல்லாம் புறப்படுகிற அன்று காலையில் கால்வாயின் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அது மூடியிருந்தால் பாராளுமன்றக் கட்டடத்தைப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள், நடுக்கட்டடம் பல வருடமாகத் திருத்த வேலைக்காக மூடிக் கிடக்கிறது. குழுவில் ஸ்கேட் பண்ணத் தெரியாதவர்கள் பாதிப்பேர் என்றாலும் ஒட்டாவா வேண்டாம். அவர்கள் கரையில் கைகளை உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி மற்றவர்கள் சந்தோசமாகச் சறுக்க முடியாது.

சரி, உண்மையான போட்டி மொன்றியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும்தான்.

மொன்றியலில் குளிர் தாங்கவில்லை என்றால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய மெட்ரோ முழுக்க முழுக்க நிலத்துக்கு அடியில் ஓடுகிறது, அதோடு இணைந்து 30 கிலோமீற்றருக்கு மேல் நிலக்கீழ் நடைபாதைகள், கடைகள். ஜக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அரை நகரத்தைக் கடந்துவிடலாம். நோத்ரடாம் பசிலிக்காவின் நீல நிற உட்கூரையும் மேலே தங்கப் புள்ளிகளும் பார்க்க அவ்வளவு வடிவு, காசு கொடுத்து உள்ளே போவதில் தவறே இல்லை. மவுண்ட் றோயல் மலை 233 மீற்றர்தான், ஆனால் பின்னேரம் நாலரைக்கு மேலே ஏறிக் கொண்டியரொங்க் முற்றத்தில் நின்றால் கீழே நகர விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றுவதைப் பார்க்கலாம். சென் ஜோசப் ஆலயத்தின் முன்னால் 283 படிகள், அதில் 99 மரப்படிகளை வேண்டுதலோடு வருகிறவர்கள் முழங்காலால் ஏறுவதற்கென்றே விட்டிருக்கிறார்கள். நல்லூரில் பிரதட்டை செய்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் படிகளின் அடியில் நின்றபோது ஒன்றையும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

சாப்பாட்டில் மொன்றியலுக்குப் பக்கத்தில்கூடக் கியூபெக் நகரம் வராது. தேன் கலந்த தண்ணீரில் அவித்து விறகு அடுப்பில் சுடுகிற பேகல் என்கிற வளைய ரொட்டி, புகையில் பதப்படுத்திய மாட்டிறைச்சி சாண்ட்விச், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் எங்கள் சாப்பாடும் கிடைக்கும். டொலார்-டெ-ஓர்மோவில் திருமுருகன் கோயில் இருக்கிறது. எங்களோடு வருகிறவர்களில் ஒருவன் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டான், அவனுக்கு மொன்றியலில் ஒரு கவலையும் இல்லை. கியூபெக் நகரத்தில் பூட்டின் என்கிற, சீஸும் குழம்பும் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, மேலே ஊற்றுகிற குழம்பு இறைச்சிச் சாறு என்று தெரிந்ததும் தள்ளி வைத்துவிட்டான். அப்படி ஆட்கள் உங்கள் குழுவிலும் இருந்தால் ஸ்காபரோவிலேயே கடலை வடை, மரக்கறி றோல்ஸ் எல்லாம் பெட்டியாக வாங்கிக்கொண்டு போங்கள்.

மொன்றியலின் பெரிய தொல்லை வண்டி நிறுத்துவது. பனி கொட்டி முடிந்ததும் தெருத்தெருவாக அள்ளுவார்கள், அதற்கு முன்னால் செம்மஞ்சள் நிறத்தில் தற்காலிகப் பலகைகள் நட்டுவிடுவார்கள். அதில் போட்டிருக்கிற நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய் வேறு தெருவில் விடுவார்கள். இழுப்பதற்கு முன் சைரன் அடித்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தத்தை நாங்கள் அம்புலன்ஸ் என்று நினைத்துப் படுத்துவிட்டோம், விடியப் பார்த்தால் வான் இல்லை. மூன்று தெரு தள்ளிக் கண்டுபிடித்தபோது தண்டச்சீட்டும் காத்திருந்தது. பலகையை வாசிக்காதது எங்கள் பிழைதான், நீங்கள் வாசியுங்கள். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பவும் கூடாது, ரொறன்ரோ பழக்கத்தில் கால் தானாகவே பெடலுக்குப் போகும், கவனம்.

இனிக் கியூபெக் நகரம். 1608-ல் சம்ப்ளெயின் என்கிற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஊர், மெக்சிக்கோவுக்கு வடக்கே இன்னமும் மதில் நிற்கிற ஒரே நகரம். அந்த மதிலுக்குள் ஒரு அறை எடுத்து, வானை நிலக்கீழ் தரிப்பிடத்தில் விட்டுவிட்டால் இரண்டு நாளைக்குத் திறப்பைத் தொடவே தேவையில்லை, எல்லாம் நடந்தே போகலாம். நண்பர்களோடு போகும்போது இதன் அருமை தெரியும். யார் ஓட்டுவது, எங்கே விடுவது என்ற வாக்குவாதம் முழுவதும் இல்லாமல் போய்விடும்.

ஆனால் குளிர் சரியான குளிர். வருடத்துக்குச் சுமார் மூன்று மீற்றர் பனி விழுகிற ஊர், ஆற்றுக்காற்றும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் போன அன்று மைனஸ் 24. படம் எடுக்கக் கையுறையைக் கழற்றினால் ஒரு நிமிசத்தில் விரல் நுனி மரத்துவிடும், போன் பற்றறி 60-ல் இருந்து நேரே அணைந்துவிடும். போனை உள் பொக்கெற்றில் உடம்போடு வைத்திருங்கள்.

அந்தக் குளிரை அந்த ஊர் மறைக்கப் பார்க்கவில்லை, அதைத்தான் எடுத்து உங்கள் கையில் தருகிறது. ஷாத்தோ ஃப்ரொன்ரெனாக் ஹோட்டலுக்குப் பக்கத்தில் 1884-ல் இருந்து நடக்கிற சறுக்குப் பாதை ஒன்று உண்டு. ரொபகன் என்கிற நீள மரப்பலகையை நீங்களேதான் கயிற்றில் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கும், கழுத்துத் துண்டில் மூச்சு பட்ட இடம் விறைத்துத் தகடு மாதிரி ஆகிவிடும். ஒருவர் மடியில் ஒருவராக நான்கு பேர் இருந்ததும் தடுப்பைத் தட்டி விடுவார்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வரை போகும் என்கிறார்கள். முன்னால் இருந்த எனக்கு வலப்பக்கம் சென் லோரன்ஸ் ஆறு முழுவதும் வெள்ளைக் கட்டிகளாக மிதந்தது ஒரு கணம் தெரிந்தது, பிறகு கண்ணில் தண்ணீர், அது இமையிலேயே உறைந்தது. பின்னாலிருந்து மூன்று பேர் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. இறங்கின உடனே யாரும் ஒன்றும் பேசாமல் மறுபடி வரிசையில் போய் நின்றோம்.

அப்புறம் அக்கரையில் இருக்கிற லெவிக்குப் போகிற படகு. ஆற்றைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிசம்தான், குளிர்காலத்திலும் ஓடும், சுற்றுலாக் கப்பல் இல்லை, வேலைக்குப் போகிறவர்களின் படகு. பனிக்கட்டியை இடித்து விலக்கிக்கொண்டு போகும்போது அடித்தட்டில் நின்றால் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு கறகற சத்தம் காலடியால் ஏறி வரும். இருட்டின பிறகு போய்த் திரும்பி வாருங்கள், மலைமேல் விளக்கெரிகிற நகரம் மெல்ல மெல்லக் கிட்ட வரும். நகரத்துக்கு வெளியே மொன்மொரன்சி அருவியும் உண்டு. 83 மீற்றர், நயாகராவைவிட 30 மீற்றர் உயரம், தெறிக்கிற நீர் உறைந்து அடியில் ஒரு பனிமலையே எழும்பி நிற்கும். 1955-ல் இருந்து நடக்கிற குளிர்காலத் திருவிழா நாள்களில் போனால் கூட்டமும் அறை விலையும் கூடும், ஆனால் பனிக்கட்டிகளுக்கு நடுவே படகை இழுத்தும் துடுப்புப் போட்டும் ஆற்றைக் கடக்கிற போட்டி அப்போதுதான் நடக்கும். அதற்காகக் கூடக் கொடுக்கலாம்.

என் தெரிவு கியூபெக் நகரம். ஸ்காபரோவில் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை பனியை வழித்துக் கொட்டுவதும் திட்டுவதுமாகவே இருக்கிறோம். அதே பனியில் ஐந்து நண்பர்களோடு விழுந்து எழும்பிச் சிரித்தது எனக்கு அங்கேதான். இரண்டு நாள்தான் லீவு என்றாலும், வயதானவர்கள் கூட வந்தாலும் மொன்றியல். மூன்று நாளும் முழுதாக இருந்தால் தயங்காமல் 800 கிலோமீற்றரையும் ஓடுங்கள், கியூபெக்கில் குடும்ப நாள் விடுமுறை கிடையாது, திங்கள் காலையில் கடைகள் வழமைபோலத் திறந்திருக்கும்.

இந்த முறை வியாழன் இரவே வேலை முடியப் புறப்பட்டுக் கிங்ஸ்ரனில் படுக்கிறோம், வெள்ளி வெளிச்சத்தோடு மிச்சப் பாதை. திரும்பும்போது மொன்றியலில் பேகலுக்கு மட்டும் ஒரு நிறுத்தம். போன தடவை சுடச்சுட இரண்டு டசின் கடதாசிப் பையில் வாங்கி வீட்டுக்கு என்று எடுத்து வைத்தோம், கோர்ன்வோல் தாண்டும்போது பை பாதியாகிவிட்டது. இந்த முறை நான்கு டசின் என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.