முறிந்த போல்ட் கழற்றும் பெட்டி: பாதிக்குக் காசு கொடுக்கலாம்

திருகோணமலை ஹாட்வெயார் கடைகளில் இப்போது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி தொங்குகிறது. உள்ளே பின்பக்கமாய்ச் சுற்றித் துளைக்கும் ஐந்து இடதுகை ட்ரில் பிட், துளைக்குள் திருகி முறிந்த துண்டை வெளியே எடுக்கும் ஐந்து எக்ஸ்ட்ராக்டர். முறிந்த போல்ட்டை வீட்டிலேயே கழற்றிவிடலாம் என்று மேலே படம் போட்டிருக்கிறார்கள். மத்திய வீதியில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு வாங்கினேன். பிட்டுகளுக்காக வாங்கலாம். எக்ஸ்ட்ராக்டர்களை நம்பி வாங்க வேண்டாம், அதுவும் கடற்கரை ஊரில் வருடக்கணக்காய் ஓடிய காருக்கு. பெட்டியில் இருக்கும் பெயரை நான் எழுதவில்லை. இதே பெட்டி நாலைந்து பெயர்களில் நாலைந்து நிறங்களில் கிடைக்கிறது, உள்ளே இருப்பது ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. எங்கள் குடும்பத்துக்கு வருமுன் அது கைமாறிய இடமெல்லாம் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். உப்புவெளிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூடு ஏறுகிறது என்று, எஞ்சின் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்ற இறங்கினேன். அதன் மூடியைப் பிடித்திருப்பவை இரண்டு எம்8 போல்ட், அதாவது 8 மி.மீ. தடிப்பு. ஜப்பான் கணக்கில் தலை 12 மி.மீ., ஸ்பேனர் போட்டதும் கொஞ்சம் இளகியதுபோல் வந்தது. பிறகு சுற்றும்போது ஒரு வெண்ணெய்த்தனம் கைக்குத் தெரியும், அதை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டுமே முறிந்தன. முறிந்த முகத்தைப் பார்த்தால் ஓரம் முழுக்கக் கறுத்துப்போய், நடுவில் ஒரு பயறு அளவுக்கு மட்டும் வெள்ளையாய் மின்னியது. அந்தப் பயறளவு இரும்புதான் மூடியை இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், போல்ட் இரும்பு, அது இறங்கும் உடம்பு அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அது ஒரு சின்ன பற்றரியாக வேலை செய்யும். அலுமினியம் அரிபட்டு வெள்ளைத் தூளாகிறது. அந்தத் தூளுக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும், ஆகவே மரையின் இடுக்கில் நெருக்கி அடைத்துக்கொள்கிறது. இரும்புத் துரு என்றால் எண்ணெய் ஊறி இளகும். இந்த வெள்ளைத் தூளுக்குள் எண்ணெய் லேசில் போகாது. எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 இருக்கிறதே, அது 1953 இல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டச் செய்த சரக்கு. பிடித்த போல்ட் இளக்குவதற்கென்றே அதே கம்பனி வேறொன்று தனியாக விற்கிறது. நான் அந்த இளக்கும் எண்ணெயைத்தான் இரவு முழுக்க ஊற விட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதலில் பெட்டி சொல்லாத ஒரு விசயம். இடதுகை பிட் வேலை செய்ய ட்ரில் பின்பக்கமாய்ச் சுற்ற வேண்டும். இங்கே பல வீடுகளில் இருக்கும் பழைய கரண்ட் ட்ரில்லில் அந்தச் சுவிச்சே கிடையாது. அப்படியானால் பெட்டியில் பாதி வீண். பற்றரி ட்ரில் என்றால் கவலையில்லை, அநேகமாய் எல்லாமே இரண்டு பக்கமும் சுற்றும். கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். "டீச்சர், அதெல்லாம் எல்லா மெசினுக்கும் போகும்" என்றார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பிட்டுகளின் தங்க நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மேலே பூசிய மெல்லிய பூச்சு, ஒருமுறை தீட்டினால் முனையில் இருக்காது. பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் 4341 என்று போட்டிருக்கிறது. அது ஹைஸ்பீட் ஸ்டீலில் மலிவான வகை. 6542 என்றிருந்தால் அதைவிட நல்லது. எம்35 என்றால் ஐந்து வீதம் கோபால்ட் கலந்தது, விலையும் அதற்கேற்ப ஏறும். 4341 ஐ வைத்துச் சாதாரண போல்ட் துளைக்கலாம், ஆனால் வேகமாய் ஓட்டினால் முனை நீலமாகி முடிந்துவிடும். மெதுவாய், எண்ணெய் விட்டு, நிறுத்தி நிறுத்தி.

வேலையில் முக்கால்வாசி சென்டர் பஞ்ச் அடிப்பதில்தான், அதாவது பிட் வழுக்காமல் நிற்க நடுவில் ஒரு சின்னக் குழி போடுவதில்தான் இருக்கிறது. முறிந்த முகம் மேடுபள்ளமாய் இருக்கும், பிட் அலுமினியப் பக்கம் வழுக்கப் பார்க்கும், அலுமினியம் மெத்தென்று இடம் கொடுக்கும். அரத்தால் முகத்தைச் சமன் செய்து, நடுவைக் கண்டுபிடித்து, முதலில் லேசாக ஒரு தட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து, பிறகுதான் பலமாக ஒரு அடி. நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி வீட்டில இல்லையா பிள்ளை?" என்றார். தம்பி இருந்தான். உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேல் போல்ட்டில் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டேன். அசையவில்லை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து மூடி இருந்த இடத்தைச் சுற்றி ஊற்றினேன். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி கொஞ்சம் தளரும். கேஸ் டோர்ச் வைத்தால் இன்னும் நல்லாய் விரியும், ஆனால் இந்தக் காரில் பெற்றோல் கார்புரேட்டர் பக்கத்திலேயே இருக்கிறது, நெருப்புக்கு நான் போகவில்லை. கன்னியா வெந்நீர் ஊற்றுத் தண்ணீர் இளஞ்சூடுதான், இதற்குக் காணாது என்று தம்பி கிண்டலடித்தான், உதவிக்கு வந்தது அவ்வளவுதான். பிறகு 5 மி.மீ. பிட்டை வைத்து மெதுவாய்ப் பின்பக்கம் ஓட்டினேன். பிட் கடிக்கும்போதே ஒரு "டிக்" சத்தம், ட்ரில் திடீரென்று இலேசானது. பார்த்தால் போல்ட் துண்டு பிட்டின் முனையில் குத்திக்கொண்டபடி மரை வழியே தானாக மேலே ஏறி வருகிறது. எக்ஸ்ட்ராக்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே தேவைப்படவில்லை. மரையில் ஒரு கீறல் இல்லை. கொடுத்த காசு அங்கேயே சரியாகிவிட்டது என்று சொல்வேன்.

இடதுகை பிட்டின் அழகு இதுதான். வலதுகை பிட் துளைக்கத் துளைக்க போல்ட்டை இன்னும் இறுக்கும். இது துளைக்கும் அதே விசையால் கழற்றப் பார்க்கும். துளை பெரிதாக ஆக போல்ட்டின் உடம்பு மெலிந்து மரையின் மேல் உள்ள அழுத்தம் குறையும், கூடவே அதிர்வும் சூடும் சேரும். வந்தால் வந்தது, வராவிட்டாலும் எதுவும் கெடவில்லை. அடுத்த வழிக்கு வேண்டிய துளை தயாராய் இருக்கும்.

கீழ் போல்ட் வரவில்லை. அங்கேதான் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது, துளையின் வாயைச் சுற்றி உப்புப் படிந்ததுபோல் வெள்ளை. துளைத்தும் அசைவில்லை. அப்போதுதான் எக்ஸ்ட்ராக்டரை எடுத்தேன். மூடியில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி 2 ஆம் இலக்கம் 6 முதல் 8 மி.மீ. போல்ட்டுக்கு, 3 ஆம் இலக்கம் 8 முதல் 11 வரைக்கு. எம்8 க்கு எது? காரில் அடிக்கடி முறிவது எம்6 உம் எம்8 உம். அதில் ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லாத அட்டவணை எதற்கு என்று தெரியவில்லை. 4 உம் 5 உம் 18 மி.மீ. வரை போகின்றன, டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

2 ஐ வைத்து, மரை வெட்டும் டப்பைத் திருகுகிற கைப்பிடியால் திருகினேன். இந்தச் சுருள் எக்ஸ்ட்ராக்டர் கூம்பு வடிவம், திருகத் திருக உள்ளே ஆப்பாக இறங்கும். துளைத்து மெலிந்த போல்ட்டின் சுவரை அது வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஏற்கெனவே மரையோடு ஒட்டிப்போன சுவரை இன்னும் அழுத்துகிறது. புதிதாய் முறிந்த, துருப்பிடிக்காத போல்ட் என்றால் இது பிரச்சினையில்லை, சுகமாய் வந்துவிடும். பிடித்து முறிந்த போல்ட் எதனால் முறிந்தது? கழற்ற முடியாத இறுக்கத்தால். தலையோடு முழுசாய் இருந்தபோதே தாங்காத முறுக்கை, அதன் நடுவில் இறங்கும் இந்த மெல்லிய கம்பி தாங்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

கைக்கு ஒரு ஸ்பிரிங் மாதிரி வளைவு தெரிந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். வலப்பக்கம் திருகி வெளியே எடுத்துப் பார்த்தால் சுருளின் விளிம்பு மழுங்கிப் பளபளத்தது. மழுங்கியது என் அதிர்ஷ்டம். கொஞ்சம் கடினமான எக்ஸ்ட்ராக்டராய் இருந்தால் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கும், அதைச் சாதாரண ட்ரில் பிட்டால் துளைக்கவும் முடியாது, கார்பைட் தேவைப்படும், இல்லாவிட்டால் தீப்பொறியால் அரிக்கும் மெசின் உள்ள பெரிய பட்டறையைத் தேட வேண்டும்.

உள்துறைமுக வீதிப் பக்கம் போட் எஞ்சின் திருத்தும் ஒரு நானா இருக்கிறார், கிண்ணியாக்காரர். காரை அவர் தொழிலாகத் தொடுவதில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறிய அலுமினியத்தில் பிடித்த போல்ட் அவருக்குத் தினச் சாப்பாடு. படம் எடுத்துப் போய்க் காட்டினேன்.

"இதுக்கு மேல திருகாதீங்க டீச்சர். உள்ளுக்க முறிஞ்சா பிறகு என்னட்டயும் மருந்தில்ல" என்றார்.

பின்னேரம் ஓட்டோவில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் பெட்டியோடு வந்தார். பற்றரியின் இரண்டு வயரையும், ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொன்னார். கார்புரேட்டர் பக்கம் நனைத்த சாக்கை மூடினார், தம்பியை வாளித் தண்ணீரோடு நிற்க வைத்தார். முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியே 2.5 மி.மீ. வெல்டிங் ரொட்டால் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார். இரும்பு ரொட் அலுமினியத்தோடு சேராது, ஆகவே உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் வைத்த நட் தனியாய்க் கழன்றது. சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தார். சிவந்திருந்த நட் கறுக்கும்வரை காத்திருந்து, ஒரு மெழுகுதிரித் துண்டை அடியில் தொட்டார், மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு ஸ்பேனர். ஒரேயடியாய்ச் சுற்றவில்லை. கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி, மறுபடி இறுக்கி. வெள்ளைத் தூள் மாவாய் உதிர உதிர, முனகிக்கொண்டே வந்தது. இரண்டாயிரம் ரூபா கேட்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு துளையிலும் எம்8, 1.25 மி.மீ. இடைவெளி மரை டப்பை விட்டுத் துப்புரவாக்கினேன். மேல் துளைக்கு அது தேவையே இல்லை, கீழ்த் துளையில் இரண்டு மரை கொஞ்சம் சிதைந்திருந்தது, ஆனால் பிடிக்கிறது.

புதுப் போல்ட் வாங்கப் போனால் கடையில் ஸ்டெயின்லஸ்தான் எடுத்து நீட்டுவார்கள், துருப்பிடிக்காது என்று. துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் உப்புக் காற்றில் அது பக்கத்து அலுமினியத்தைத்தான் அரிக்கும், கதை மறுபடி வெள்ளைத் தூளில் முடியும். நான் 8.8 என்று பலத்தின் குறியைத் தலையில் அடித்த, துத்தநாகம் பூசிய போல்ட்டே வாங்கினேன். மரைக்கு, போல்ட் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் அன்டி-சீஸ் பேஸ்ட் பூசினேன். பேஸ்ட் பூசினால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறுக்க வேண்டும், வழுக்கல் அதிகம் என்பதால் அதே முறுக்குக்கு போல்ட் கூடுதலாய் இழுபடும். ரேடியேட்டருக்குக் கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

பிட்டுகளுக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், எக்ஸ்ட்ராக்டருக்கு ஒன்று. 3, 4, 5 மி.மீ. இடதுகை பிட் மட்டும் தனியாக எங்காவது கிடைத்தால், எம்35 இல், அதையே வாங்குங்கள். இங்கே நான் கேட்ட கடைகளில் தனியாகப் பிரித்துக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நானாவைத் தேடிப் போகிறவர்கள் காலையில் போக வேண்டாம், போட்டுகள் கரைக்கு வரும் நேரம், தலை நிமிர மாட்டார். வெள்ளிக்கிழமை மதியமும் கடை பூட்டு. மற்ற நாள்களில் பின்னேர அசர் தொழுகை முடிந்து போனால் ஆறுதலாய்ப் பேசலாம். முறிந்த துண்டைக் கையில் கொண்டு போங்கள், அதைப் பார்த்துத்தான் வருவதா இல்லையா என்று சொல்கிறார்.