குடோன் தளத்தில் சிலிக்கான் கோட்டிங்: ஒழுகல் நின்றது, வெள்ளை நிற்கவில்லை

தண்டையார்பேட்டையில் எங்களுக்கு ஒரு துணி குடோன் இருக்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு தளம். அதற்கு மேல் ஏறக்குறைய 3,000 சதுர அடி மொட்டை மாடி. 2019 மார்ச்சில் அந்த மாடிக்கு சிலிக்கான் கோட்டிங் அடித்தோம். அடித்த மறுநாள் எடுத்த போட்டோவில் எந்த மாடியும் பளபளவென்றுதான் தெரியும். அதனால்தான் இத்தனை மழையும் கத்திரியும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகலை நிறுத்த வேண்டுமா, தாராளமாக அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சூடு குறையும், ஏசி பில் இறங்கும் என்று சொல்லி விற்கிறார்களே, அதை நம்பி மட்டும் அடிப்பதாக இருந்தால், வடசென்னையில் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

எங்கள் கட்டடம் பழையது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்திருக்கிறார்கள். வாட்டம் சரியில்லை. தண்ணீர்த் தொட்டி இருக்கும் மூலையில் மழை நின்று இரண்டு நாளானாலும் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும். இதற்கு முன்னால் வெள்ளை அக்ரிலிக் அடித்திருந்தோம். வெயில் படுகிற இடத்தில் அது நன்றாகவே தாங்கியது. தண்ணீர் தேங்கிய மூலையில்தான் ஊறி, கொப்புளித்து, நகத்தால் கீறினாலே உரிந்துவந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அக்ரிலிக் என்பது தண்ணீரில் கரைத்து வரும் சரக்கு. காய்ந்த பிறகும் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் இளகத்தான் செய்யும். சிலிக்கானுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. அதன் முதுகெலும்பு சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. வெயிலின் புற ஊதாக் கதிர் மற்ற பெயின்ட்டுகளைப் பொடியாக்குவதுபோல் இதைச் சுலபத்தில் அறுக்காது. தேங்கிய தண்ணீரும் அதை ஊறவைக்காது.

வாட்டத்தையே சரிசெய்துவிடலாமே என்று கேட்கலாம். தட்டோட்டைப் பெயர்த்து, புதிதாக ஜல்லி போட்டு எழுப்ப வேண்டும். அந்த எடையைப் பழைய தளத்தின் மேல் ஏற்ற எங்கள் இன்ஜினியர் சம்மதிக்கவில்லை.

அடிப்பதைவிட அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. 2019-ல் சென்னை எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன, தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. அந்த நேரத்தில் லாரித் தண்ணீர் வாங்கி, பிரஷர் பம்ப் வைத்து மாடியைக் கழுவினோம். அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. ஆனால் அழுக்கின் மேல் அடித்தால் கோட்டிங் அழுக்கோடு சேர்ந்து எழுந்துவரும், வேறு வழியில்லை. பழைய அக்ரிலிக்கை முழுக்கச் சுரண்டினோம். மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலோடு ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக ஒட்டியிருக்கும் ஓடு 'டிக்' என்றது, அடியில் விட்டுப்போன ஓடு 'டொப்' என்றது. 'டொப்' என்றதை எல்லாம் பெயர்த்துத் திரும்பப் பதித்தார்கள்.

ஈரம் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. தொட்டி மூலையில் எங்களுக்கு வியர்த்தது. ஒரு வாரம் வெயிலில் காயவிட்டுத்தான் தொடங்கினோம். அவசரப்பட்டு அடித்திருந்தால் அடியில் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிக் கொப்புளமாகத் தள்ளியிருக்கும். இந்த வேலைக்கு பிப்ரவரி, மார்ச்தான் சரியான மாதங்கள். ஐப்பசி மழை வரப்போகிறதே என்று செப்டம்பரில் ஆள் தேடுபவர்களுக்கு ஆளும் கிடைக்காது, காய்ந்த தளமும் கிடைக்காது.

அடிக்கிற நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏற ஏற தளத்தின் நுண்துளையில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். ஈரமான கோட்டிங்கில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். அதனால் முதல் கோட்டை மாலை நாலு மணிக்கு மேல், தளம் ஆறத் தொடங்கிய பிறகு அடித்தார்கள். சிலிக்கான் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம் ஊர் கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? சீக்கிரமே மேலே தோல் கட்டிவிடுகிறது. திறந்த பக்கெட்டை அன்றே முடித்துவிட வேண்டும். ரோலரைத் தண்ணீரில் கழுவ முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பெயின்டர் பையன்கள் இந்தச் சரக்கைத் திட்டித் தீர்த்தார்கள்.

முதல் கோட் சாம்பல், இரண்டாவது வெள்ளை. விட்டுப்போன இடம் பளிச்சென்று கண்ணில் படும். ஒரே நிறத்தில் அடித்தால் யாருக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையெல்லாம் சிமென்ட்டைச் சரிவாக அணைத்து, வலைத்துணி வைத்து, அதன் மேல் அடித்தார்கள். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைச் சுற்றியும் அப்படியே. தளத்தின் நடுவில் ஒழுகி நான் பார்த்ததில்லை, எல்லாம் இந்த ஓரங்களில்தான்.

காசு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் தருவார்கள், தடிமன் எவ்வளவு என்று அதில் இருக்காது. கணக்கு சுலபம். 1 சதுர மீட்டரில் 1 லிட்டரைப் பரப்பினால் 1 மில்லிமீட்டர். எங்களுக்கு 0.75 மில்லிமீட்டர் பேசினோம். 3,000 சதுர அடி என்பது சுமார் 279 சதுர மீட்டர்; ஆக 210 லிட்டர் வேண்டும், 20 லிட்டர் பக்கெட்டில் பத்தரை. காயும்போது கொஞ்சம் சுருங்கும், ரோலரிலும் கொஞ்சம் போகும், பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கெட்டில் உங்கள் மாடி முடிந்துவிட்டது என்றால் நீங்கள் வாங்கியது வெறும் வெள்ளை நிறம். காலி பக்கெட்டுகளை எண்ணிய பிறகு பணம் கொடுங்கள்.

இனி மழை. 2020 நிவர், 2021 நவம்பர் மழை எல்லாம் வந்து போனது, மேல் குடோனில் ஓதம்கூட இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தொட்டி மூலையில் குளமே கட்டிக்கொண்டது. அப்போதும் மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் தெருத் தண்ணீர் வாசல் வழியாகக் கீழ் குடோனுக்குள் வந்து, அடியில் அடுக்கியிருந்த லுங்கிக் கட்டுகளை நனைத்தது. அதற்கு எந்தக் கோட்டிங்கும் பொறுப்பில்லை.

வெயில் கதை வேறு. முதல் வருஷம் கத்திரி உச்சியில் அந்த வெள்ளையின் மேல் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. மேல் குடோனில் வேலை செய்கிறவர்களே வித்தியாசத்தைச் சொன்னார்கள். இரண்டாவது கோடையில் மாடி மங்கிப்போனது, மூன்றாவதில் சாம்பலாகிவிட்டது. சிலிக்கானின் மேற்பரப்பு தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. நம் பக்கம் தூசிக்கா பஞ்சம்? துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒருபுறம், எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகை மறுபுறம். அது வெறும் மண்தூசியும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு படிகிறது. மழை அடித்தாலும் முழுசாகப் போகாது. வருஷத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போட்டுக் கழுவினால் வெள்ளை ஓரளவுக்குத் திரும்புகிறது, புதுசில் இருந்த அளவுக்கு இல்லை. கழுவும் செலவையும் சேர்த்துத்தான் சூட்டுக் கணக்கைப் போட வேண்டும். கொட்டேஷனில் அது வராது.

கழுவும்போது ஜாக்கிரதை. நனைந்த சிலிக்கான் எண்ணெய் கொட்டின தரைபோல வழுக்கும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் வாளியோடு விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தார். அதற்குப் பிறகு தொட்டிக்குப் போகிற வழிக்கு மட்டும் அதே சிலிக்கானை இன்னொரு கோட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே மணல் தூவிவிட்டோம்.

இதன் உண்மையான எதிரி மாடிக்கு வருகிற ஆட்கள்தான். சிலிக்கான் இழுத்தால் நீளும், ஆனால் கூர்மையான எதுவும் பட்டால் சுலபமாகக் கிழியும். ஏசி மெக்கானிக் அவுட்டோர் யூனிட்டை இரும்பு ஸ்டாண்டோடு தரதரவென்று இழுத்ததில் முழ நீளத்துக்கு வெட்டு விழுந்தது. கீழே சிந்திய ஸ்க்ரூ ஒன்று செருப்புக்கடியில் மாட்டி நாலைந்து இடத்தில் குத்தியிருந்தது. கோடை லீவில் காத்தாடி விடுகிற பையன்கள் சுவர் ஏறிக் குதித்துவிடுவார்கள். மாடிக் கதவுக்குப் பூட்டு, ஸ்டாண்டுகளுக்கு அடியில் ரப்பர் பேட், மேலே போகிறவர் பெயரை எழுத ஒரு நோட்டு என்று இப்போது வைத்திருக்கிறோம். தீபாவளி ராக்கெட் விழுந்த இடங்களில் கறுப்புப் புள்ளி மட்டும்தான், ஓட்டை இல்லை.

வெட்டு விழுந்தால் சரிசெய்வது சுலபம். துடைத்துக் காயவைத்து, அதே கம்பெனி சரக்கைத் தடவினால் பழசோடு ஒட்டிக்கொள்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் புளித்த வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் ட்யூபை மட்டும் வாங்காதீர்கள். அது அமிலம் விடும், சிமென்ட்டுக்கு ஆகாது. நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒருமுறை சிலிக்கான் அடித்துவிட்டால் பிறகு வேறு எதற்கும் மாற முடியாது. வெள்ளை மங்கியபோது, மேலே மலிவாக ஒரு கோட் சுண்ணாம்பு அடித்தால் என்ன என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "இன்னா போட்டாலும் இது மேல குந்தாது சார்" என்றார். ஓரமாக ஒரு முழத்துக்கு அடித்துக் காட்டச் சொன்னேன். அடுத்த வாரமே காற்றில் பறந்துவிட்டது. அக்ரிலிக்கும் அப்படித்தான், பியூ எனப்படும் பாலியூரித்தேன் கோட்டிங்கும் அப்படித்தான். சிலிக்கான் மேல் சிலிக்கான்தான் பிடிக்கும். விலை ஏறினாலும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆட்கள் ஓயாமல் நடமாடும் மாடி, துணி உலர்த்தும் மாடி, ஜெனரேட்டர் வைத்த மாடி என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே பியூ கோட்டிங்கோ மேலே ஓடு பதிப்பதோதான் தாங்கும். மின்ட், சவுகார்பேட்டை பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை) கட்டடங்களுக்கும் அவசரப்பட வேண்டாம். தேக்கு உத்தரமும் சுண்ணாம்பும் உள்ளே எவ்வளவு ஈரம் வைத்திருக்கிறது என்று தெரிந்தவர் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எங்கள் மாடியில் வெயில் நேராக விழும் மேற்குப் பாதியில் வெள்ளை தேய்ந்து அடியில் இருக்கும் சாம்பல் எட்டிப்பார்க்கிறது. வரும் பிப்ரவரியில் அந்தப் பாதிக்கு மட்டும் கழுவி ஒரே ஒரு கோட் அடிக்கப் பேசியிருக்கிறோம். சுரண்டும் வேலை கிடையாது, அதனால் கூலி முதல் முறையைவிட ரொம்பக் குறைவு. தொட்டி மூலை இன்னும் நன்றாகவே இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை.