நாயின் காலில் வெட்டு: மஞ்சள்தூளா, துணியா, கயிறா?

கண்ணாடிச் சில்லை மிதித்த நாயின் பாதத்தில் ரத்தம் கொட்டினால், பல வீடுகளில் கை முதலில் போவது மஞ்சள்தூள் டப்பாவுக்கு. அடுத்தது காப்பித்தூள். சிலர் காலையே கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது சுத்தமான துணியும் விடாத அழுத்தமும்தான்.

மடித்த காஸ் துணி நல்லது. இல்லையென்றால் துவைத்துக் காய்ந்த கைக்குட்டை போதும். காயத்தின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது. தூக்கினால், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வர, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். சில்லு ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி மட்டும் அழுத்துங்கள். வலியில் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். அகலமான துணிப்பட்டையால் வாயைக் கட்டிவிட்டுத் தொடங்குங்கள். வாந்தியோ மூச்சுத்திணறலோ இருந்தால் கட்டக் கூடாது.

ரத்தம் மட்டுப்பட்டதும் கட்டு. விரல் இடுக்குகளில் பஞ்சு, காயத்தின் மேல் காஸ், அதன்மேல் இழுத்தால் நீளும் கிரேப் பேண்டேஜ். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, நடுவிரல் இரண்டின் நகங்கள் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். அந்த இரண்டு நகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தால் கட்டு இறுக்கம், பாதம் வீங்குகிறது என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும்.

மஞ்சள்தூள் இந்த வேலைக்கு ஆகாது. ரத்தத்தோடு குழைந்து அப்பிக்கொண்டு வெட்டின் ஆழத்தை மறைக்கும். தையல் போடுமுன் மருத்துவர் அவ்வளவையும் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். காப்பித்தூள் அதைவிட மோசம். நாய் காயத்தை நக்கும், காஃபீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு உறைந்த ரத்தத்தைக் கரைத்துத் திசுவையும் புண்ணாக்கும். பூனைக்கு டெட்டால் கிட்டவே வரக் கூடாது.

தூள் உதவும் இடம் ஒன்று உண்டு: நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால். ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் அழுத்திப் பிடியுங்கள். எரியும், நாய் காலை இழுக்கும், ஆனால் வேகமாக நிற்கும். அது இல்லாத வீட்டில் சோள மாவு. எரியாது, கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும். ஸ்டிப்டிக்கை ஆழமான வெட்டில் கொட்டினால் திசு வெந்துபோகும்.

கயிறும் ரப்பர் பேண்டும் வேண்டவே வேண்டாம். மெல்லிய கயிறு நரம்பை நசுக்கும். ரத்தம் போகாத கால் அழுகும். நன்றாக அழுத்தியும் ரத்தம் பீய்ச்சி அடித்து உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும், அகலமான துணியைக் காயத்தின் மேல் அல்ல, அதற்குச் சற்று மேலே உடல் பக்கமாகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பூனைக்கு இன்னும் அவசரம். 4 கிலோ பூனையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லிதான். நாய்க்கு அது கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி. தரையில் கிடக்கும் அதே அளவு ரத்தம் லேப்ரடாருக்குச் சிறிது, பூனைக்குப் பேரிழப்பு. ஈறு வெளுத்திருந்தாலோ, ஈறை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆனாலோ இனி வீட்டு வைத்தியம் இல்லை.

சின்ன வெட்டுதான், ஆனாலும் 10 நிமிடம் அழுத்தியும் கசிந்துகொண்டே இருக்கிறதா? உண்ணி கடித்து வரும் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம், அல்லது எலி மருந்தைத் தின்றிருக்கலாம். சில எலி மருந்துகள் ரத்தம் உறைவதையே தடுக்கும். உண்ணி இருந்ததையும் எலி மருந்து வைத்ததையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.