சான்றிதழ் அசல், கார் பொய்: எம்ஜிபி வாங்கி 17,500 பவுண்டு இழந்தேன்

17,500 பவுண்டு. ஆறு வருடம் சேர்த்த பணம். அது என்ன ஆனது என்று போன வியாழக்கிழமை பட்டறையில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது பழைய ஸ்போர்ட்ஸ் கார், அதிலும் எம்ஜிபி, வாங்க நினைத்தால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

"1964 எம்ஜிபி ரோட்ஸ்டர், இழுப்புக் கைப்பிடி, முழுக்க அசல்" என்றுதான் விளம்பரம். பழைய கார்களுக்கென்றே இருக்கும் ஒரு விளம்பரத் தளத்தில் பார்த்தேன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி செய்திருக்கிறார்கள், அதனால் வண்டி ஒன்றும் அரிதில்லை. ஆனால் 1965 தொடக்கம் வரை வந்தவற்றில்தான் கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறக்க வேண்டும். அதன் பிறகு பொத்தான் வந்துவிட்டது. இழுப்புக் கைப்பிடிக்குத்தான் மவுசு, விலையும் அதற்குத்தான். 1974 கடைசியில் குரோம் பம்பரை எடுத்துவிட்டு கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள், வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். அந்த ரப்பர் பம்பர் வண்டிகள் எவ்வளவோ மலிவு. இந்த விலை வித்தியாசத்தில்தான் என்னை ஏமாற்றினார்கள்.

லிங்கன்ஷயரில் ஒரு கிராமம். லெஸ்டரிலிருந்து நானும் மச்சானும் போனோம். விற்றவருக்கு எழுபது வயது இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. "முதலில் உள்ளே வாருங்கள், டீ குடியுங்கள்" என்றார். சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். எழுபதுகளின் பட்டறை ரசீதுகள், துருப்பிடித்த குண்டூசி குத்திய எம்ஓடி (வருடாந்தர வண்டிப் பரிசோதனை) தாள்கள், வட்டமான பழைய வரி வில்லைகள். எல்லாவற்றுக்கும் மேலே கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கொடுத்த பாரம்பரியச் சான்றிதழ். சேசி எண் ஜிஎச்என்3 என்று தொடங்குகிறது, 1964இல் செய்தது, பச்சை நிறம். வெளியே நின்ற வண்டியும் பச்சை. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் அதே எண். நம்பர் பிளேட்டின் கடைசி எழுத்து 1964க்கு உரிய B. ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த மேசையில்தான் நான் அவரை நம்பினேன். ஒரு மணி நேரம் காகிதத்தைப் பார்த்தேன், காரைப் பார்த்தது இருபது நிமிடம்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சந்திப்பில் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. "பாருங்கள், எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்" என்று மச்சானிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அன்று மாலையே 17,500 பவுண்டையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எம்ஜி வண்டிகளை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியின் திருகுகளைக் கால் சுற்றுத் திருப்பி எடுத்தார். உள்ளே பேட்டரிக்கு ஒரே ஒரு பெரிய பெட்டி. டார்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் சொன்னார்: குரோம் பம்பர் காலத்து எம்ஜிபி எல்லாவற்றிலும் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, ஓட்டுநர் பக்கம் ஒரு கூடு, மறுபக்கம் ஒரு கூடு. பேட்டரியைப் பிற்பாடு யாராவது மாற்றியிருக்கலாம், ஆனால் அடித்தளத் தகட்டில் அந்த இரண்டு இடமும் இருந்தே ஆக வேண்டும். இதில் இல்லை. இது 1974க்குப் பிந்தைய உடல்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். ரப்பர் பம்பரைத் தாங்கிய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்த தழும்பு, பெயின்ட்டுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படுகிறது. முன் மட்காட் இரண்டும் வேறு வண்டியிலிருந்து வந்தவை. கதவு மட்டும்தான் உண்மையான இழுப்புக் கைப்பிடிக் கதவு. நான் மெச்சிக்கொண்ட கியர்? 1964 வண்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓடும்போதே கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் அமைப்பு) கிடையாது, ஓடும்போது போட்டால் கரகரவென்று கத்தும். எல்லா கியருக்கும் சின்க்ரோ உள்ள பெட்டி 1967 கடைசியில்தான் வந்தது. அது அகலமானது, கியர் பெட்டியை மூடும் தரை மேடான பழைய டனலுக்குள் நுழையாது. அந்த டனலையும் டேப் வைத்து அளந்து காட்டினார். பொய் என்று காரே என் கையில் சொல்லியிருக்கிறது, நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சான்றிதழ் போலி இல்லை. 1964இல் அந்த எண்ணோடு ஆலையை விட்டு ஒரு வண்டி போனது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த வண்டி எப்போதோ துருப்பிடித்துச் செத்திருக்க வேண்டும். அதன் தகட்டை எடுத்து இதில் மாட்டிவிட்டார்கள். 1988இலிருந்து எம்ஜிபிக்குப் புது உடலே விற்கிறார்கள், அப்படி மாற்றியிருந்தால் சொல்லி விற்கலாம், அதில் தப்பே இல்லை. இது அது இல்லை. மெக்கானிக் கணக்கில் இந்த வண்டி ஆறாயிரம் போனால் பெரிது.

உடனே விற்றவரைக் கூப்பிட்டேன். "அறுபது வருஷத்து வண்டி, பாகம் மாறத்தான் செய்யும்." மறுநாள், "என்னிடமும் அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள்." மூன்றாம் நாள், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" நான்காம் நாளிலிருந்து அழைப்பே போவதில்லை. விளம்பரத் தளம் இரண்டு வரியில் பதில் அனுப்பியது: நாங்கள் விளம்பரம் மட்டும்தான் வெளியிடுகிறோம். வங்கியில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பணத்தை நீங்களே அனுப்பினீர்கள், காரும் கைக்கு வந்துவிட்டது, இது உங்கள் இருவருக்கும் இடையிலான தகராறு என்றார்கள். 17,500 பவுண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "புரிகிறது சார்" என்றார் அந்தப் பையன், அவ்வளவுதான்.

விரிவாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். காகிதத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்தாவது கூட்டிப்போங்கள். "முழுக்க அசல்" என்றால் அதை எழுத்தில் கையெழுத்தோடு வாங்குங்கள். முடிந்தால் வியாபாரியிடம் வாங்கி, கொஞ்சமாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வியாபாரி என்றால் பழுதான, சொன்னபடி இல்லாத வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2015 நுகர்வோர் சட்டத்தில் வழி இருக்கிறது, தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது.

நேற்று இரவு அதே ஊர், அதே வாசல், இன்னொரு விளம்பரம். 1963 வண்டியாம், இழுப்புக் கைப்பிடியாம், சான்றிதழும் உண்டாம். அதைப் பார்க்கப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், டீ குடிப்பதற்கு முன்பு சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.